0.79 புள்ளி: பியோங்சாங்கில் அந்தக் கழுத்துக் கொக்கி கழன்றிராவிட்டால் பப்பதாகிஸுக்குத் தங்கம் கிடைத்திருக்குமா?

இளவேனில் (கேள்வி)

பனித்தரையில் ஸ்கேட் கட்டி ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸ் பார்க்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் கப்ரியேலா பப்பதாகிஸும் கியோம் சிசெரோனும் ஆடியதைத் தற்செயலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர்களுடைய பழைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன். அப்படித்தான் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் முதல்நாள் ஆட்டமான ஷார்ட் டான்ஸில் வந்து நின்றேன்.

பச்சை உடை. எட் ஷீரன் பாட்டு. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பப்பதாகிஸின் பிடரியில் உடையைத் தாங்கியிருந்த கொக்கி கழன்றுவிடுகிறது. அவர் நிறுத்தவில்லை, கடைசிவரை ஆடி முடிக்கிறார். மறுநாள் இரண்டாம் ஆட்டமான ஃபிரீ டான்ஸில் இவர்கள்தான் முதலிடம். ஆனால் மொத்தக் கணக்கில் கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ, ஸ்காட் மோயர் 206.07, இவர்கள் 205.28. வெறும் 0.79 புள்ளியில் தங்கம் கைநழுவிப் போனது.

இரண்டு நாளாக இதே நினைப்பாக இருக்கிறது. உடைக்காகப் புள்ளி குறைத்தார்களா? நிறுத்திச் சரிசெய்துகொள்ள வழியே இல்லையா? அந்தக் கொக்கி மட்டும் கழன்றிராவிட்டால் தங்கம் இவர்களுக்குத்தானா? நீண்ட நாளாகப் பார்த்து வருகிறவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்

முதல் இரண்டு கேள்விக்கும் விதிப்படி பதில் சொல்கிறேன்.

உடைக்காகப் புள்ளி கழிக்கவில்லை. உடையின் ஒரு பகுதியோ அலங்காரமோ பனித்தரையில் விழுந்தால்தான் ஒரு புள்ளி கழிப்பார்கள். இங்கே எதுவும் கீழே விழவில்லை.

நிறுத்த வழி இருந்தது. ஆட்டத்தை நிறுத்தி, மூன்று நிமிடத்துக்குள் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு ஐந்து புள்ளி அபராதம். அவர்கள் அன்று எடுத்தது 81.93. ஐந்து போனால் 76.93. அமெரிக்காவின் ஹப்பெல், டோனஹ்யூ ஜோடி 77.75 எடுத்திருந்தது, ஷிபுடானி அண்ணன் தங்கை 77.73. அதாவது முதல்நாள் முடிவில் நான்காம் இடத்துக்கு இறங்கியிருப்பார்கள். பனிமேல் ஓடிக்கொண்டே இந்தக் கணக்கையெல்லாம் யாரும் போட முடியாது. ஆனாலும் நிறுத்தாமல் ஆடியதுதான் சரியான முடிவு.

மூன்றாவது கேள்விக்கு மீனா அக்கா வரட்டும். 2015இலிருந்து இந்த ஜோடியின் ஒவ்வொரு போட்டியையும் பார்த்தவர், அதோடு ஸ்கேட்டிங் உடை தைக்கிறவர்.

மீனா, லியோன்

கதிர் கூப்பிட்டுவிட்டார், வராமல் இருக்க முடியாது. இளவேனில், நீங்கள் கேட்டது எனக்கு மிக நெருக்கமான விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பதினாறு வருடமாக இங்கே, பிரான்ஸின் லியோன் நகரில், ஸ்கேட்டிங் கிளப் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். அதனால் கொக்கியிலிருந்தே தொடங்குகிறேன். கழுத்தில் மாட்டும் உடைக்குத் தோள்பட்டை கிடையாது. முன்பக்கத்தின் பாரம் முழுவதும் பிடரியில் இருக்கும் ஒரே ஒரு பிடிப்பில் தொங்குகிறது. வெளியே இருப்பவர்கள் இழுத்து இழுத்துத்தான் கொக்கி கழன்றுவிடுகிறது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இழுப்பில் அது இன்னும் இறுகிக்கொள்ளும். தளர்வில்தான் கழலும். தலையைப் பின்னால் சாய்க்கும்போது கழுத்துப் பட்டை ஒரு நொடி தொய்கிறது. அந்த ஒரு நொடியில் கொக்கி வளையத்திலிருந்து நழுவிவிடும். பிறகு கை உயர்ந்தால் உடை கீழே வரும். 2018இல் ஷார்ட் டான்ஸுக்குக் கொடுத்திருந்தது லத்தீன் தாளம். முதுகை வளைப்பதும் தலையைச் சாய்ப்பதும் கையை உயர்த்துவதும்தான் அந்த ஆட்டமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பியோங்சாங்கில், அதே அரங்கில், எட்டு நாள் முன்பு, அணிப் போட்டியில் கொரியாவின் யூரா மின்னுக்கும் இதேபோல் நடந்தது. ஆட்டம் தொடங்கியதுமே கொக்கி கழன்று, முழு நிகழ்ச்சியிலும் உடையைப் பிடித்துப் பிடித்து ஆடினார். தனிப் போட்டிக்கு உடையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டு வருகிறேன் என்று அவரே பிறகு சொன்னார். அதைப் படித்தபோது, இது வேடிக்கைக்குச் சொன்னது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். தைக்கிறவர்களுக்குத் தெரியும், அதுதான் சரியான வழி. கொக்கியை மாட்டிவிட்டு, அதன்மேல் இரட்டை நூலில் நான்கு தையல் போட்டு முடிச்சிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சின்னக் கத்தரியால் நூலை வெட்டி எடுக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல. ஒரு வட்டாரப் போட்டியில் நான் தைத்த உடை பதினொரு வயதுப் பெண் ஒருத்தியின் பிடரியில் கழன்றது. அவள் பனியின் நடுவே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாட்டு ஓடிக்கொண்டிருக்க, தடுப்புச் சுவர்ப்பக்கம் என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் 22 வயதுப் பெண் ஒருத்தி, உலகமே பார்க்கும் ஒலிம்பிக்கில், உடை விலகியது தெரிந்தும் ஸ்கேட் கத்தியின் விளிம்பைத் தவறவிடாமல் 81.93 எடுத்தார் என்பதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். கழன்ற அந்த நொடியே தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்றும் ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார்.

இப்போது உங்கள் கேள்வி. தங்கம் கிடைத்திருக்குமா?

ஒரு எண்ணை வைக்கிறேன். பியோங்சாங் முடிந்து ஒரு மாதத்தில் மிலானில் உலகச் சாம்பியன்ஷிப். அதே ஷார்ட் டான்ஸ், அதே ஜோடி. உடை நின்றது. புள்ளி 83.73. பியோங்சாங்கைவிட 1.80 கூடுதல். பியோங்சாங்கில் வர்ச்சூவும் மோயரும் எடுத்த 83.67ஐவிடவும் 0.06 கூடுதல். ஃபிரீ டான்ஸில் 123.47, மொத்தம் 207.20. மிலானின் ஷார்ட் டான்ஸை எடுத்து பியோங்சாங்கின் ஃபிரீ டான்ஸோடு கூட்டினால் 207.08 வருகிறது. தங்கத்துக்குத் தேவைப்பட்டது 206.07.

இந்தக் கூட்டலை நான் அந்த வருடம் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் இதை வைத்து ‘கொக்கிதான் தங்கத்தைப் பறித்தது’ என்று முடித்துவிட எனக்கு இப்போது மனம் வரவில்லை. மிலானில் நடுவர் குழு வேறு. கனடா ஜோடி அங்கே வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல்நாள் ஆட்டம் பப்பதாகிஸையும் சிசெரோனையும் வெகுகாலமாகவே சோதித்து வந்தது.

2014 சைதாமா உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர்கள் 13ஆம் இடம். அடுத்த வருடம் ஷாங்காயில் உலகச் சாம்பியன்கள். பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரே வருடத்தில் தாவிய அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஷாங்காயில் முதல்நாள் முடிவில் அவர்கள் இருந்தது நான்காம் இடம், 71.94. மோசார்ட்டின் இசைக்கு ஆடிய ஃபிரீ டான்ஸ்தான் அவர்களை மேலே கொண்டுபோனது. 2017 ஹெல்சிங்கியில் ஷார்ட் டான்ஸில் 76.89, வர்ச்சூவும் மோயரும் 82.43. ஐந்தரைப் புள்ளிப் பள்ளம்! மறுநாள் ஃபிரீ டான்ஸில் இவர்களே முதலிடம், ஆனாலும் பள்ளம் நிரம்பவில்லை, வெள்ளிதான். அங்கே எந்தக் கொக்கியும் கழலவில்லை.

அதாவது நீரோட்டம்போல நீளும் ஃபிரீ டான்ஸில் இவர்களை நெருங்க ஆளில்லை. சொன்ன தாளத்துக்கு, சொன்ன அடவுகளை, கட்டத்துக்குள் நின்று ஆட வேண்டிய முதல்நாளில்தான் கனடா ஜோடி இவர்களை முந்தியது. பியோங்சாங்கில் அந்தப் பள்ளம் 1.74ஆகச் சுருங்கியிருந்தது. மறுநாள் 0.95ஐ மீட்டார்கள். மீதிதான் அந்த 0.79.

நிர்மலன்

மீனா அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கனடா ஜோடியின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

வர்ச்சூவும் மோயரும் 2010 வான்கூவரில் தங்கம், 2014 சோச்சியில் வெள்ளி வாங்கிவிட்டு இரண்டு வருடம் போட்டிக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது மாண்ட்ரியலில் மரி-ஃபிரான்ஸ் துப்ரேயிடமும் பத்ரிஸ் லோசோனிடமும் சேர்ந்தார்கள். பப்பதாகிஸும் சிசெரோனும் 2014இலிருந்து பயிற்சி பெற்றது அதே பயிற்சியாளர்களிடம்தான். இரண்டு வருடம் ஒரே பனியில், ஒரே ஆசிரியர்களிடம் பயின்ற இரண்டு ஜோடிகள் ஒலிம்பிக்கில் 0.79இல் பிரிந்தன. ஷார்ட் டான்ஸில் கனடா ஜோடி எடுத்த 83.67 அன்றைய உலக சாதனை. உடை நன்றாக இருந்திருந்தாலும் அதைத் தாண்ட வேண்டியிருந்திருக்காது, 0.95க்குள் நெருங்கினால் போதும் என்று சொல்லலாம். ஆனால் தங்கத்தைக் கொக்கி கொடுத்தது என்று சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மீனா, லியோன்

நிர்மலன், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த இரண்டு ஜோடியும் ஒரே இடத்தில் பயின்றது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும் விஷயம். காலையில் எதிராளி செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதே பனியில் இறங்கிப் பழகுவதற்குத் தனி மனத்திடம் வேண்டும்.

இளவேனில்

மீனா அக்கா, கதிரவன், நிர்மலன், மூவருக்கும் நன்றி. ஹெல்சிங்கி கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் பெய்ஜிங்கில் என்ன மாறியது? நான் பார்த்த அந்த ரிதம் டான்ஸில் பலவீனமே தெரியவில்லையே. நடுவில் என்ன நடந்தது?

மீனா, லியோன்

2018க்குப் பிறகு ஷார்ட் டான்ஸ் என்ற பெயரே ரிதம் டான்ஸ் என்று மாறியது. ஆட்டத்தின் ஒவ்வொரு கூறுக்கும் நடுவர் கொடுக்கும் தர மதிப்பு மூன்று வரை இருந்தது ஐந்து வரை நீண்டது. பழைய சாதனைகளைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதனால் பியோங்சாங்கின் 206ஐயும் பெய்ஜிங்கின் 226ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

2019 சைதாமாவில் 222.65 எடுத்து நான்காவது உலகப் பட்டம். ஐந்து வருடம் முன்பு 13ஆம் இடம் வந்த அதே ஊர். 2020 ஜனவரியில் கிராஸ் நகரில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவின் சினித்ஸினா, கட்சலாபோவ் ஜோடியிடம் 0.14இல் தோற்றார்கள். இந்தமுறை ரிதம் டான்ஸில் இவர்கள் முன்னிலை, 88.78க்கு 88.73. ஃபிரீ டான்ஸில்தான் நழுவியது. 2015இலிருந்து தொடர்ந்து ஐந்து ஐரோப்பியப் பட்டம் வென்ற ஓட்டம் அங்கே நின்றது. அந்த வருடம் மாண்ட்ரியலில் நடக்கவிருந்த உலகச் சாம்பியன்ஷிப் கொரோனாவால் ரத்தானது. அடுத்த பருவத்தில் அவர்கள் போட்டிக்கே வரவில்லை. அப்போது நான் ஓய்வு பெற்றுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒலிம்பிக் பருவம். ரிதம் டான்ஸுக்குத் தெருநடனத் தாளங்கள் என்று அறிவிப்பு வந்தது. பலரும் ஹிப்-ஹாப் பக்கம் போனார்கள். இவர்கள் எடுத்தது வாக்கிங் என்ற நடனம். நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் பிறந்தது. அதன் உயிர் முழுவதும் கைகளில்தான். தோளுக்கு மேலே, தலைக்குப் பின்னே, பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் கை சுழன்று சுழன்று விழும்.

இதைக் கேள்விப்பட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான்கு வருடம் முன்பு கையை உயர்த்தவே அஞ்ச வேண்டியிருந்த அந்தப் பெண், இந்த ஒலிம்பிக்குக்குக் கைகளாலேயே ஆன நடனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு. தைக்கிறவளுக்கு, தோள் தையலுக்கும் பிடரிக்கும் அந்த நடனத்தைவிடப் பெரிய சோதனை இல்லை என்றுதான் படும்.

பெய்ஜிங்கில் பிப்ரவரி 12 அன்று அந்த ரிதம் டான்ஸுக்கு 90.83, உலக சாதனை. ரஷ்ய ஜோடி 88.85. முதல்முறையாக ஒலிம்பிக்கின் முதல்நாளை இவர்கள் முன்னிலையோடு முடித்தார்கள். இரண்டு நாள் கழித்து பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இசைக்கு ஃபிரீ டான்ஸ், 136.15. மொத்தம் 226.98, அதுவும் உலக சாதனை. 2002 சால்ட் லேக் சிட்டியில் அனிசினாவும் பெய்ஸராவும் வென்ற பிறகு ஐஸ் டான்ஸில் பிரான்ஸுக்குக் கிடைத்த ஒலிம்பிக் தங்கம் அது. நான் தையல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்ததும் அழுதேன்.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கப்ரியேலா பிறந்தது கிளெர்மோன்-ஃபெரோனில். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா கத்தரீன்தான் இருவரையும் சிறு வயதிலேயே ஜோடி சேர்த்தார். பிறகு லியோனில் முரியெல் ஸஸூயியிடமும் ரோமேன் ஹாக்னோயேவிடமும் கற்றார்கள். 2013இல் மிலானில் ஜூனியர் உலக வெள்ளி. ஹாக்னோயே மாண்ட்ரியலுக்குப் போனபோது அவர்களும் கூடப் போனார்கள். 2015இல் உலகப் பட்டம் வென்ற சில மாதங்களில் கப்ரியேலா பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டு, அந்த இலையுதிர்காலப் போட்டிகள் முழுவதையும் இழந்தார். திரும்பி வந்து 2016 பாஸ்டனில் இரண்டாவது உலகப் பட்டம். கொக்கி ஒன்றுதான் அவருக்கு நேர்ந்த சோதனை என்று நினைத்துவிடாதீர்கள்.

கதிரவன்

அக்கா, மோன்பெலியே போயிருந்தீர்களே. அதைச் சொல்லுங்கள்.

மீனா, லியோன்

போயிருந்தேன். 2022 மார்ச், உலகச் சாம்பியன்ஷிப், சொந்த நாட்டில். லியோனிலிருந்து ரயிலில் போய் ரிதம் டான்ஸ், ஃபிரீ டான்ஸ் இரண்டையும் பார்த்தேன். ரஷ்ய வீரர்களை அந்த மாதம் விலக்கி வைத்திருந்தார்கள், அதனால் முதன்மைப் போட்டியாளர்கள் அங்கே இல்லை. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஆனாலும் 92.73, 137.09, மொத்தம் 229.82 என்று மூன்றும் உலக சாதனை. இரண்டாம் இடத்துக்கு வந்த ஹப்பெலும் டோனஹ்யூவும் 222.39. ஐந்தாவது உலகப் பட்டம்.

என் இருக்கை மேல்வரிசையில். தொலைக்காட்சியில் கேட்காத ஒன்று அங்கே கேட்டது. மற்ற ஜோடிகள் திரும்பும்போது பனி சீறும் சத்தம் மேலே வரை வரும். இவர்கள் திரும்பும்போது சத்தம் குறைந்துவிடும். விளிம்பு அவ்வளவு ஆழமாக, அவ்வளவு சுத்தமாக இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். என் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள் ஃபிரீ டான்ஸ் முழுவதும் கையைக் கூப்பியபடி இருந்தார். முடிந்ததும் நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் என்பதை மறந்து கட்டிக்கொண்டோம்.

அதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய கடைசிப் போட்டி. அன்று அரங்கில் இருந்த எங்களுக்கு அது தெரியாது. 2024 டிசம்பரில்தான் ஓய்வை அறிவித்தார்கள்.

இளவேனில்

மிலான் 2018 ஷார்ட் டான்ஸை இப்போதுதான் பார்த்து முடித்தேன். அதே பாட்டு, அதே ஆட்டம்தான். ஆனால் பியோங்சாங்கைப் பார்த்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறை அவர் தலையைச் சாய்க்கும்போதும் என் கை தானாக என் பிடரிக்குப் போகிறது. அடுத்து ஹெல்சிங்கி பார்க்கப் போகிறேன். அதில் எதைக் கவனிக்க வேண்டும் அக்கா?

மீனா, லியோன்

ஹெல்சிங்கியில் இரண்டு ஜோடியின் ஷார்ட் டான்ஸையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் கனடா, பிறகு இவர்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலை மட்டும் பாருங்கள். தாளம் விழும் இடத்தில் யாருடைய முழங்கால் மடங்கி நிமிர்கிறது என்று பாருங்கள். பிறகு பெய்ஜிங் ரிதம் டான்ஸைப் போட்டு அதே முழங்காலைத் தேடுங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.